மசக்கைக்காரி கேட்டது

சுரண்டை
12.8.1963

ஏளா பார்வதி,

சுகமான்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கணும். கேக்க மாட்டேன். எனக்கு மனசு ஆறல.

உம் மாப்பிள்ளை உங்க அத்தானுக்கு ஒரு கார்டு போட்டிருக்காக. "பார்வதிக்கு நெய்வேலியிலேயே பிரசவம் பாக்கலாம்னு இருக்கோம், ஏழாம் மாசம் கூப்பிட வர வேண்டாம்"னு. ரெண்டே வரி. அம்மையும் அப்பனும் போன பொறவு உனக்குத் தாய்வீடுன்னு இருக்கது இந்த ஒரு வீடு. அங்க வரலைன்னு சொல்ல உனக்கு வாய் இல்லையா? புருசன் கையால எழுத வைக்கியா?

ஏன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. போன வருசம் இங்க வந்து பெத்த, பிள்ளை உசிரில்லாம வந்துட்டு. அதுக்கு நானா பொறுப்பு? மருத்துவச்சியைக் கூட்டியாந்தேன், உன் கையைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே கிடந்தேன். என் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்தக்கூட எந்திரிக்கல. அதுக்குப் பொறவு நீ ஒரு மாசம் எங்கூட முகங்கொடுத்துப் பேசாம இருந்து, ரயிலேறிப் போனவதான். ஒரு கடுதாசி உண்டா? நீ மறுபடி முழுகாம இருக்கேங்கதையே நான் ஊரான் வாயிலதான் கேட்டேன். கூடப் பிறந்தவளுக்கு இதைவிடக் கேவலம் வேற என்ன வேணும்?

"பேச்சியம்மா வாசல் ராசியில்லன்னு தங்கச்சிக்காரி வர மாட்டேங்கா"ன்னு தண்ணி எடுக்கப் போற இடத்துல சொல்லுதாளுக. நான் காதுல விழாத மாதிரி குடத்தைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

பதில் போடு. போடாட்டா வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்.

உன் அக்கா
பேச்சியம்மாள்


நெய்வேலி
23.8.1963

அக்கா,

உன் கடுதாசி வந்தது. அவுகளுக்குப் படிச்சுக் காட்டல.

கோபமெல்லாம் இல்ல. இங்க மைன்ஸ்ல வேலை பாக்கிறவுக குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கு. டாக்டரம்மா இருக்காக. குவார்ட்டர்ஸ்லருந்து நடந்தே போயிரலாம். அங்க வந்தா அந்த உள்ரூம்புலதான படுக்கணும்? அதை நினைச்சாலே எனக்கு நெஞ்சு படபடங்குது. இதுக்கு மேல கேக்காத.

இங்க ஒரு குறையும் இல்ல. பக்கத்து வீட்டுல அம்சவல்லின்னு ஒரு பிள்ளை, குறிஞ்சிப்பாடிக்காரி, வெடுக்குவெடுக்குன்னு பேசுவா, மனசு தங்கம். அவ பேசுத பேச்சு மொதல்ல எனக்குப் பாதி புரியல, நான் பேசுறது அவளுக்குப் பாதி புரியல. இப்ப பழகிட்டு.

இவுகளைப் பத்திக் கேட்டா நீ சிரிப்ப. மைன்ஸ்ல நிலக்கரிக்கு மேல இருக்க மண்ணையெல்லாம் வெட்டி எடுத்துக் கொட்டுதாக. அதுல வெள்ளைக் களின்னு ஒரு மண்ணு, வெண்ணெய் மாதிரி இருக்கும். லேசா தண்ணி தெளிச்சா, மொத மழைக்கு மண்ணு மணக்குமே, அந்த வாசம். எனக்கு அது மேல ஒரே ஆசை. ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டுட்டேன். அன்னையிலருந்து ஷிப்ட் முடிஞ்சு வரும்போதெல்லாம் டிபன் கேரியர் அடித்தட்டுல ஒரு கட்டி வச்சுக் கொண்டாராக. "மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காட்டா பிள்ளைக்குக் காதுல சீழ் வடியுமாமே, எங்க அம்மை சொல்லுவா"ங்காக. கூட வேலை பாக்கிறவுக, "பரமசிவம் சோத்தைக் கொண்டாந்துட்டு மண்ணைக் கொண்டு போறாரு"ன்னு கேலி செய்யுதாகளாம். இவுக கண்டுக்கவே இல்ல. இந்த மாதிரி ஒரு மனுசன் யாருக்கு வாய்ப்பான்?

பிள்ளைகளைக் கேட்டதாச் சொல்லு.

பார்வதி


சுரண்டை
3.9.1963

அடி கோட்டி,

சிரிச்சேன்தான். அத்தானுக்குப் படிச்சுக் காட்டினேன், அவுகளும் சிரிச்சாக. "எனக்கு ஒரு புளியங்காய் பறிச்சுத் தர இத்தனை வருசத்துல உங்களுக்குத் தோணலையே"ன்னு நானும் ரெண்டு வார்த்தை விட்டேன். வெத்தலையை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாக.

மசக்கைன்னா அப்படித்தான். மூத்தவனைச் சுமந்தப்ப நான் சுவத்துச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னேன். கீழத்தெருக்காரி ஒருத்தி அடுப்புச் சாம்பலைத் தின்னா, அவ மவன் இப்ப எருமை மாதிரி இருக்கான். ஒண்ணும் ஆகாது. மாப்பிள்ளை கொண்டாரதைத் தின்னு. அவுக நல்ல மனுசன்னு எனக்குத் தெரியாதா? பொண்ணு பாக்க வந்தப்பவே, காப்பி தம்ளரை அவுகளே எடுத்துட்டுப் போய் அடுப்படியில வச்சாகளே.

மண்ணு மட்டும் தின்னா போதுமா? சோறு எப்படித் திங்க? மீன் கிடைக்குதா? முருங்கைக்கீரை கிடைக்குமா அந்தக் காட்டுல? வயிறு தெரியுதா? ஒரு வரிகூட எழுதல நீ.

உள்ரூம்பைப் பத்தி எழுதியிருந்த. சரி. நான் கேக்கல. ஆனா எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு, அதையும் சொல்லிருதேன்.

பேச்சியம்மாள்


நெய்வேலி
20.9.1963

அக்கா,

சோறெல்லாம் நல்லாத் திங்கேன். மீன் கடலூர்லருந்து வருது. கீரைக்குக் குறைவில்ல.

உடம்புதான் கொஞ்சம் அசதி. துணி துவைச்சா மூச்சு வாங்குது. வாசல்படி ஏறினா நெஞ்சு தடதடங்குது. அம்சவல்லி முந்தாநாள் வந்து மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. "இன்னா யக்கா, நீயும் அந்தக் களி நெறத்துக்கே வந்துகினு இருக்கிறியே"ன்னா. "நெய்வேலி வெயில்ல எல்லாரும் கறுத்துப் போறாங்க, நான் ஒருத்தி வெளுக்கேன்"னு சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கல.

அவகிட்ட இருந்துதான் இந்தப் பழக்கமே வந்தது தெரியுமா? போன தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஒரு கூடை களி வாங்கி வச்சிருந்தா. நானும் கொஞ்சம் வாங்கிக் கரைச்சேன். கரைக்கும்போது வந்த வாசத்துல நாக்குல வச்சேன். அப்பா! நெஞ்சுக்குள்ள என்னமோ அமந்துபோன மாதிரி இருந்தது. வெள்ளையடிச்சது பாதி, தின்னது பாதி.

இவுகளுக்கு இப்ப வேற பக்கம் வேலை. தினம் கொண்டார முடியல. அதனால கிடைக்கும்போது பால்பவுடர் டப்பாவுல போட்டு வச்சுக்கிடுதேன். அவுகளுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.

காலும் கொஞ்சம் வீங்கியிருக்கு. வயித்துப்பிள்ளைக்காரிக்குக் கால் வீங்குறது உண்டுதான?

பார்வதி


சுரண்டை
28.9.1963

பார்வதி,

உன் கடுதாசியை வாசிச்சுட்டு அடுப்புல இருந்த குழம்பை அப்படியே விட்டுட்டேன். அடிப்பிடிச்சுப் போச்சு.

நான் கேக்கதுக்கு நேராப் பதில் சொல்லு. சித்திரையிலதான் உனக்குத் தலைமுழுக்கு நின்னுது. தைப்பொங்கலுக்கு உன் வயித்துல யாரு இருந்தா? யாரும் இல்லையே. அப்பத் தின்ன மண்ணு மசக்கையா எப்படிடீ ஆகும்?

எனக்கும் மூணு பிள்ளை. சுண்ணாம்பு தின்னேன்னு சொன்னேன்ல, அது கொஞ்ச நாள். மூணாம் மாசம் கழிஞ்சதும் சோறு ருசிச்சது, சுண்ணாம்பு கசந்தது. உனக்கு ஆறாம் மாசம் ஆவப் போவுது, இன்னும் டப்பாவுல ஒளிச்சு வச்சுத் திங்க. மசக்கைக்காரி எதுக்குடீ ஒளிக்கா? ஊரே கூடி ஊட்டுமே அவளுக்கு!

இன்னொண்ணு. போன கடுதாசியில நான் சோத்தைப் பத்தி அத்தனை கேட்டேன். நீ "நல்லாத் திங்கேன்"னு ஒரே வரியில முடிக்க. சின்னதுலருந்து நீ தின்னதை நாலு பக்கம் பேசுறவ. களியோட வாசத்தை மட்டும் பத்து வரி எழுதத் தெரியுது, குழம்பைப் பத்தி ஒரு வரி எழுதத் தெரியலையா?

தின்னு தின்னுன்னு எழுதினவ நான்தான். இப்ப சொல்லுதேன், நிப்பாட்டு. அந்த டப்பாவைக் கொண்டு போய்க் குப்பையில கொட்டு. டாக்டரம்மாகிட்டப் போய் உள்ளதைச் சொல்லு. நானே வந்துருவேன். ஆனா நடுவுலவனுக்கு அம்மை போட்டிருக்கு. வேப்பிலை கட்டியிருக்கோம். தலைக்குத் தண்ணி ஊத்துத வரைக்கும் நான் வாசலைத் தாண்டக் கூடாது, வயித்துப்பிள்ளைக்காரி பக்கத்துல வரவும் கூடாது.

மாப்பிள்ளைக்கும் எழுதட்டுமா, நீயே சொல்லுதியா?

பேச்சியம்மாள்


நெய்வேலி
7.10.1963

அக்காவுக்கு,

இது கார்டு. தபால்காரர் முதக்கொண்டு எல்லாரும் வாசிப்பாக. அதனால சுருக்கமா எழுதுதேன். எனக்கு ஒரு வியாதியும் இல்ல. ஆஸ்பத்திரியில மாசாமாசம் எடை பாக்காக, வயித்தைத் தொட்டுப் பாக்காக, எல்லாம் சரியா இருக்கு. பைத்தியக்காரியைக் கேக்க மாதிரி என்னைக் கேள்வி கேக்க வேண்டாம். இவுகளுக்கு எழுதினா, அப்பறம் உனக்கு நான் தங்கச்சி இல்ல.

பார்வதி


சுரண்டை
15.10.1963

பார்வதி,

மாப்பிள்ளைக்கு எழுதல. உன் மிரட்டலுக்குப் பயந்து இல்ல. நான் எழுதினா, "உங்க பொஞ்சாதி ஒளிச்சுத் திங்கா"ன்னுதான் எழுதணும். அதைப் படிச்சுட்டு அவுக டப்பாவைத் தேடுவாக, நீ வேற இடத்துல ஒளிப்ப. உன்னை எனக்குத் தெரியும். மாவடுச் சாடி இருந்த அலமாரிக்கு அம்மை பூட்டுப் போட்டப்ப, பூட்டு மாட்டுத கொண்டியையே கழட்டினவ நீ.

மாசாமாசம் எடை பாக்கவுகளுக்கு நீ என்ன திங்கேன்னு தெரியுமா? அவுக கேட்டாகளா? கேட்டப்ப என்ன சொன்ன?

கண்ணாடி இருக்கில்ல வீட்டுல? கீழ் இமையை விரலால இழுத்துப் பாரு. உள்ள செவப்பா இருக்கணும். எனக்கும் பாத்தேன், அத்தானுக்கும் பாத்தேன், மாட்டைத் தவிர எல்லாருக்கும் பாத்தாச்சு. செவப்பா இருக்கு. உனக்கு எப்படி இருக்குன்னு எழுது. வேற ஒண்ணும் எழுத வேண்டாம்.

சின்னவளுக்கும் அம்மை வந்துட்டு. எனக்கு அழுகையா வருது. ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தா ஒரு பொம்பளை என்ன செய்வா?

பேச்சி


நெய்வேலி, ஆஸ்பத்திரி
6.11.1963

அக்கா,

படுத்துக்கிட்டே எழுதுதேன். எழுத்துக் கோணலா இருக்கும்.

நீ சொன்னன்னு கண்ணாடியில பாத்தேன். வெள்ளையா இருந்தது. கண்ணாடியைக் கவுத்து வச்சுட்டேன். உனக்குப் பதில் எழுதல.

போன வாரம் ஒரு காலையில, இவுக ஷிப்டுக்குக் கிளம்புத நேரம், வயித்துல வலி எடுத்துட்டு. சாதா வலி இல்ல. கத்திட்டேன். ஏழாம் மாசம்தான் நடக்கு, பிரசவ வலின்னு நினைச்சு இவுக ஓடிப் போய் அம்சவல்லி வீட்டுக் கதவைத் தட்டினாக. அவ வீட்டுக்காரர் வண்டி கொண்டாந்தாரு. வண்டியில வரும்போது இவுக என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இதுவும் போயிருமோ, இதுவும் போயிருமோ"ன்னே சொல்லிக்கிட்டு வந்தாக. அதைக் கேக்கது வலியைவிடப் பெருசா இருந்தது.

பிரசவ வலி இல்ல அக்கா. தின்ன களி குடல்ல கல்லு மாதிரி அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. எனிமா கொடுத்தாக. மானங்கெட்ட கதை, எப்படி எழுத? வெளிய வந்தது வெள்ளையா இருந்தது. நர்ஸம்மா டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாக. நான் சேலையால மூஞ்சியை மூடிக்கிட்டேன். இனி ஊரே காறித் துப்பப் போவுதுன்னு நினைச்சேன்.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாக. "மண்ணா, சாம்பலா, பச்சரிசியா? எதும்மா?"ன்னு கேட்டாக. காப்பியா டீயான்னு கேக்க மாதிரி. "இந்த வார்டுல பாதிப் பேர் எதையாவது தின்னுக்கிட்டுதான் இருக்காங்க, நீ ஒருத்தி இல்ல. நானும் இதுவரைக்கும் உன்கிட்டக் கேக்கல, கேட்டிருக்கணும்"னாக. அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அழுகை வந்துட்டு. எல்லாம் சொல்லிட்டேன். சோறு இறங்கலங்கதையும் சொன்னேன். இவுக முன்னால ரெண்டு வாய் தின்னுட்டு, மிச்சத்தை அம்சவல்லி வீட்டு ஆட்டுக்கு வச்சிருதேன். ரசத்தைக் கண்டா குமட்டுது. களி மட்டும்தான் இறங்குது.

"எப்பருந்து?"ன்னு கேட்டாக. நீ கேட்ட அதே கேள்வி. "போன பிள்ளை போனதுலருந்து சோறு பிடிக்கல. பொங்கல்லருந்து மண்ணு"ன்னேன். "அப்ப இது மசக்கை இல்லம்மா. மசக்கைன்னு எல்லாரும் நினைச்சு விட்டுட்டாங்க"ன்னாக.

ரத்தம் இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லையாம். "இந்த ரத்தத்தோட வலி எடுத்தா, கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்க மாட்டா"ன்னு வெளிய இவுககிட்டச் சொன்னாக. சன்னல் திறந்துதான் இருந்தது, கேட்டுட்டேன். இவுக உள்ள வரவே இல்ல. எட்டிப் பாத்தா, வெராந்தாவுல செவுத்தைப் பாத்து உக்காந்திருக்காக. பொறவு வந்து, "நான்தான தினம் கொண்டாந்து கொடுத்தேன்"னாக. "நான்தான கேட்டேன்"னேன். 

இப்ப இடுப்புல இரும்புச் சத்து ஊசி போடுதாக. போட்ட இடம் கரும்பச்சையா நிக்குது, உக்கார முடியல. மாத்திரையும் உண்டு. "மண்ணு உள்ள போனா, நான் கொடுக்கிற மருந்தையும் அதுவே பிடிச்சு வச்சுக்கும், உன் ரத்தத்துக்குப் போகாது"ன்னு சொல்லியிருக்காக. பூச்சி இருக்கான்னும் பாத்தாக. சோறு ஒரேயடியாத் திங்க வேண்டாமாம். கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை, யாராவது பக்கத்துல உக்காந்திருக்கும்போது.

ஒண்ணு கேக்கேன். அந்தப் பிள்ளையை என் கண்ணுல காட்டவே இல்லையே அக்கா நீங்க. எங்க வச்சாகன்னுகூட யாரும் சொல்லல. "அழாத, அடுத்தது வரும்"னாக. நான் எதைப் பாத்து அழ?

எனக்கு ஏதும் ஆச்சுன்னா, இந்தப் பிள்ளை பொழச்சா, நீ எடுத்து வளத்துக்கோ.

பார்வதி


சுரண்டை
13.11.1963

பார்வதி,

வளக்க மாட்டேன். எனக்கு மூணு இருக்கு, போதும். உன் பிள்ளையை நீ வளரு. இந்தப் பேச்சை இன்னொரு தடவை எழுதினா, கடுதாசியை அடுப்புல போட்டுருவேன்.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன். பொண்ணு. தலை நிறைய முடி. மூக்கு உன் மூக்கு, நுனி லேசா மேல தூக்கியிருக்குமே, அதே மாதிரி. விரலெல்லாம் நீளம், அது மாப்பிள்ளை விரல். நான்தான் குளிப்பாட்டினேன். என் நீலச் சேலையைக் கிழிச்சு அதுல சுத்தினேன். அத்தானும் மாப்பிள்ளையும் நம்ம வயக்காட்டு மேட்டுல, கிணத்துக்குத் தெக்கால வச்சாக. காட்டினா நீ தாங்க மாட்டன்னு மருத்துவச்சி சொன்னா. பெரியவுக எல்லாரும் சொன்னாக. நானும் சரின்னுட்டேன். அழுதுக்கோ இப்ப. யாரும் தடுக்க மாட்டோம். நானும் இங்க அழுதேன், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது. இதுவரைக்கும் நானும் அழுததில்லடீ.

டாக்டரம்மா சொன்னபடி கேளு. மாத்திரை தின்னா மலம் கருப்பாப் போகுமாம், பயப்படாத. நான் இங்க கம்பவுண்டர்கிட்டக் கேட்டேன். ஈரல் தின்னச் சொல்லுதாரு. மாப்பிள்ளைகிட்ட ஈரலை வாங்கிக் கொடுத்து, பக்கத்துல உக்காரச் சொல்லு. மண்ணைக் கொண்டாந்த கை, ஈரலைக் கொண்டாரட்டும். அவுகளைக் கரிச்சுக் கொட்டாத. பாவம் மனுசன், ஆசையாக் கேட்டதைக் கொடுத்தது குத்தமா?

ஆட்டுக்குச் சோறு வச்சியாமே. அந்த ஆட்டைத்தான் முதல்ல வெட்டணும்.

சின்னவளுக்குத் தண்ணி ஊத்தியாச்சு. வீட்டைக் கழுவி விட்டுட்டு, நடவு முடிஞ்சதும் மார்கழியில வாரேன். விருத்தாசலத்துல ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடிக்கணும்னு அத்தான் சொல்லுதாக. வருவேன். உள்ரூம்புக்கு நீ வர வேண்டாம். நானே அங்க வாரேன்.

பேச்சியம்மாள்


நெய்வேலி
11.12.1963

அக்கா,

நாலு தடவை வாசிச்சேன் உன் கடுதாசியை. மூக்கைப் பத்தி எழுதியிருந்த இடம் வந்ததும் விம்மிட்டேன். இவுக ஓடி வந்தாக. வாசிக்கக் கொடுத்தேன். இவுகளும் அழுதாக. ஒரு வருசம் ஆச்சு, நாங்க ரெண்டு பேரும் சேந்து அழுதது அன்னைக்குத்தான். அதுக்குப் பொறவு கஞ்சி வச்சுக் குடிச்சோம்.

வீட்டுக்கு வந்துட்டேன். ஊசி முடிஞ்சது. கீழ் இமையில லேசா ரோஸ் நிறம் வந்திருக்கு. படியேறினா நெஞ்சு அத்தனை தடதடங்கல. சோறு இன்னும் முழுசா ருசிக்கல. ஆனா அம்சவல்லி மத்தியானம் தன் தட்டையும் எடுத்துக்கிட்டு இங்க வந்துருதா. "நீ துண்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன், எனக்கு வூட்டுல வேலை கெடக்குது, பாத்துக்க"ன்னு மிரட்டுதா. வேலை கெட்டுப் போவுதேன்னு அவளுக்காகவே திங்கேன்.

உங்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு இருக்கேன். போன வாரம் தோத்துட்டேன். பக்கத்து பிளாக்ல புதுக் குவார்ட்டர்ஸ் கட்டுதாக. வெள்ளைக் களி குவிச்சு வச்சிருந்தாக. மழை தூறினது. கால் தானாப் போயிட்டு. திங்கும்போதே தெரியுது இது விசம்னு, கை நிக்கல. வாயைக் கழுவிட்டு வீட்டுக்கு வந்து, தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வயித்துல பிள்ளை அசைஞ்சது. அதுகிட்ட என்ன சொல்ல?

மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். திட்டு விழும்னுதான் போனேன். டாக்டரம்மா, "நீயா வந்து சொன்னியே, அதுதான் எனக்கு வேணும். ஒரு நாள் தின்னதுக்கு எல்லாம் போச்சுன்னு ஆகாது"ன்னாக. அடுத்த தடவை ஆசை வந்தா, திங்கதுக்கு முன்னால யார்கிட்டயாவது சொல்லணுமாம். தின்ன பொறவு சொல்லுறது எனக்கு ஒருவழியா வந்துட்டு. முன்னால சொல்ல வாய் வரல. வெக்கமா இருக்கு.

பிள்ளை சின்னதாத்தான் இருக்காம். உசிரோட இருக்கு. வெரசா வா.

பார்வதி


சுரண்டை
22.2.1964

ஏ பார்வதி,

பத்திரமா வந்து சேந்தேன். ரயில்ல பக்கத்துல உக்காந்திருந்தவ, "பேத்தியா பேரனா, யாரைப் பாக்கப் போயிட்டு வாரீக?"ன்னு கேட்டா. எனக்கு என்ன வயசாச்சுன்னு நினைச்சா அந்த மூதி? "என் தங்கச்சி மவன்"னேன். விருத்தாசலத்துலருந்து மதுரை வரைக்கும் அவனைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தேன். அவ தூங்கிட்டா.

ஊரெல்லாம் சொல்லிட்டேன். "கோழிக்குஞ்சு மாதிரி இருக்கான், ஆனா கத்தினா அடுத்த பிளாக் வரைக்கும் கேக்கும்"னு. நீ வலியில உள்ள கிடந்தப்ப அந்த ஆஸ்பத்திரி வெராந்தாவுல நானும் மாப்பிள்ளையும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம உக்காந்திருந்தோமே, அதை யாருக்கும் சொல்லல. அவன் குரல் கேட்ட பொறவும் அவுக அசையல. "தாய்க்கு எப்படி இருக்கு?"ன்னுதான் நர்ஸம்மாகிட்டக் கேட்டாக. உனக்கு ரத்தம் ஏத்திக்கிட்டு இருந்தாக அப்ப. நீ கண்ணைத் திறந்து என்னைத் திட்டினியே, "ஏன் அழுத"ன்னு, அப்பத்தான் எனக்கு உசிரு வந்தது.

இப்ப ஒண்ணு கேக்கேன். பிள்ளை பிறந்ததும் மண்ணாசை தானாப் போயிரும்னு மருத்துவச்சி சொல்லுதா. அங்க இருந்தவரைக்கும் கேக்க எனக்குப் பயம். போச்சா? ஒளிக்காம எழுது. பச்ச உடம்புக்காரி நீ, பாலும் கொடுக்க. ரத்தம் இன்னும் ஊறணும்.

உன் அக்கா
பேச்சி


நெய்வேலி
19.4.1964

அக்கா,

உடனே பதில் போடல. போச்சுன்னு எழுதினா நீ சந்தோசப்படுவன்னு தெரியும். எழுதிப் பாத்தேன், கை வரல. போகல அக்கா. டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். சிலருக்குப் போயிருமாம், சிலருக்குக் கொஞ்ச நாள் இருக்குமாம். உனக்கு இருக்குதுன்னா ரத்தத்தை அடிக்கடி பாத்துக்கிடணும், மாத்திரையை விடக் கூடாதுன்னாக. மாத்திரை திங்கேன். சோறு ருசிக்கு. நேத்து ரெண்டாம் தடவை மீன் குழம்பு கேட்டு வாங்கிக்கிட்டேன். ஆனாலும் மண் வாசம் வந்தா நாக்கு ஊறுது.

முந்தாநாள் கோடை மழை. பேஞ்சா கொட்டித் தீத்துட்டு. அந்த மழையில இவுக ஷிப்ட் முடிஞ்சு வந்தாக. பூட்ஸ்ல, பேண்ட்ல, முழங்கால் வரைக்கும் வெள்ளைக் களி அப்பியிருக்கு. வழக்கமா மைன்ஸ்லயே கழுவிட்டுத்தான் வருவாக. அன்னைக்கு மழையில பஸ் போயிருமேன்னு ஓடி வந்துட்டாக போல. வாசல்ல நிக்காக, வாசம் வீடு முழுக்க வந்துட்டு. நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருந்தேன். உடம்பெல்லாம் என்னமோ பண்ணுது. பிள்ளையைக் கீழ போட்டுட்டு ஓடிரலாம் போல இருந்தது.

இவுக குளிக்கப் போன பொறவு பூட்ஸைத் தொட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. அதைத்தான் மனசு கணக்குப் போட்டுது. இருந்தும், எனக்கே தெரியல எப்படின்னு, வாயைத் திறந்து சொல்லிட்டேன்.

"எனக்கு அதைத் திங்கணும் போல இருக்கு. ஒரு கட்டி எடுத்துத் தாங்க"ன்னேன்.

இவுக மூஞ்சி செத்துப் போச்சு. கல்யாணம் ஆனதுலருந்து நான் வாய்விட்டுக் கேட்டதை இல்லைன்னு சொன்னதே கிடையாது அவுக. உனக்கே தெரியும்.  "தர மாட்டேன்"னாக.  நான் அழுதேன். கேவலமாத் திட்டினேன். "பொஞ்சாதி கேட்டதைக் கொடுக்கத் துப்பில்லாதவரு"ன்னேன். இவுக பூட்ஸைக் கழட்டி, அந்த மழையிலயே குழாயடிக்குக் கொண்டு போய், வெள்ளை போற வரைக்கும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினாக. வந்து கையைக் கழுவிட்டு, தட்டுல சோறு போட்டு, குழம்பை ஊத்தி, பிள்ளையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, எனக்கு எதுக்க ஈர உடுப்போட உக்காந்தாக.

தின்னேன் அக்கா. தட்டு காலியாகுற வரைக்கும் அவுக எந்திரிக்கல.

பார்வதி